நோக்கம் என்று பலகை மாட்டினேன், செக்கிங் அக்கா தாழ்ப்பாள் கேட்டார்

கேள்வி: அனுப்பர்பாளையத்தான்

எல்லோருக்கும் வணக்கமுங்க. பம்பு, பவுண்டரி, சாயம், தறி என்று பல தொழில்காரர்கள் இருக்கிற இடம் என்பதால் இங்கே கேட்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருப்பூரில், அனுப்பர்பாளையம் தாண்டி ஒரு தையல் யூனிட். ஜாப் ஒர்க்தான். எக்ஸ்போர்ட் கம்பெனி கட்டிங் பீஸ் கொடுக்கும். நாங்கள் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் பார்த்து, அயர்ன் போட்டு, பேக்கிங் முடித்துக் கொடுப்போம். அப்பா 1994-ல் ஆறு மெஷினோடு ஆரம்பித்தது. இன்றைக்கு ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து 44. ஆட்கள் 60 சொச்சம். 2019-ல் அப்பாவுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து முழுப் பொறுப்பும் என் தலையில்.

அப்பா நல்ல வாய்க்காரர். நோக்கம், தலைமைப் பண்பு என்ற வார்த்தைகளை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கேட்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. ஆனாலும் அவரிடம் ஓவர்லாக் அடித்த ஒருவர் 19 வருஷம் இருந்தார். செக்கிங் அக்கா ஒருவர் 22 வருஷமாக இன்னமும் இருக்கிறார். நான் யாரையும் திட்டுவதில்லை. பிறந்தநாள் என்றால் கேக் வெட்டுகிறோம். எம்.பி.ஏ. வேறு படித்திருக்கிறேன். ஆள் நிற்கமாட்டேன் என்கிறது.

போன புரட்டாசியில் கோயம்புத்தூர் அவிநாசி ரோட்டில் ஒரு பெரிய ஓட்டலில் இரண்டு நாள் தலைமைப் பயிற்சி நடந்தது. 18,000 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. பயிற்சி கொடுத்தவர் நன்றாகப் பேசினார், குறை சொல்லமாட்டேன். கண்ணை மூடிக்கொண்டு உங்கள் சாவுக்கு வருகிறவர்கள் உங்களைப் பற்றி என்ன பேசுவார்கள் என்று நினைத்துப் பாருங்கள் என்றார். எனக்கு நூல்கடைக்காரர் முகம்தான் முதலில் வந்தது. பாக்கி கேட்பார். அதைத் தாண்டி யோசிக்கப் பயமாகக்கூட இருந்தது. கடைசி நாள் ஒவ்வொருவரும் தங்கள் தொழிலின் நோக்கத்தை ஒரே வரியில் எழுத வேண்டும். நான் எழுதியது: "உலகம் புன்னகையோடு உடுத்த உழைப்போம்."

ஊருக்கு வந்த வேகத்தில் அதை நாலடிக்கு மூன்றடி அக்ரிலிக் பலகையில் போட்டு, பின்னால் விளக்கும் வைத்து, ஆட்கள் வருகையைப் பதிகிற பஞ்ச் மெஷினுக்கு மேலே மாட்டினேன். ஆயுத பூஜை அன்றைக்குத் திறப்பு. மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம் கொடுத்து, ஐந்து நிமிஷம் பேசினேன். நீங்கள் தைப்பது சட்டை இல்லை, ஒருத்தருடைய சந்தோஷம் என்றெல்லாம். முடித்துவிட்டு, யாராவது ஏதாவது சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றேன். பயிற்சியில் அப்படிக் கேட்கச் சொல்லியிருந்தார்கள்.

செக்கிங் அக்கா பொரியை மென்றுகொண்டே கேட்டார்: "உலகத்துக்கு உடுத்தறதெல்லாம் சரிங் தம்பி. பொம்பளையாளுக கக்கூஸ் கதவுக்குத் தாப்பா எப்பப் போடுவீங்க? ஆடி நோம்பியில இருந்து ஒருத்தி உள்ள போனா ஒருத்தி வெளிய நின்னு கதவப் புடிச்சுக்கறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துச் சமாளித்தேன். தீபாவளிக்கு போனஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் 11 பேர் திரும்பி வரவில்லை.

என் கேள்வி இதுதான். தொழிலுக்கு ஒரு நோக்கம் வேண்டும், முதலாளி ஆட்களுக்கு ஒரு உந்துதல் தரவேண்டும் என்பதெல்லாம் என்னைப் போல அடுத்தவன் பிராண்டுக்குத் தைத்துக் கொடுக்கிறவனுக்குப் பொருந்துமா? பொருந்தும் என்றால் அதை ஆட்களிடம் எப்படிக் கொண்டுபோவது?

பழைய சிங்கர் டெய்லர்

அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. தாழ்ப்பாள் போட்டாச்சா?

அனுப்பர்பாளையத்தான்

கார்பென்டரிடம் சொல்லியிருக்கிறேன் அக்கா. இரண்டு தடவை போன் பண்ணினேன், இந்த வாரம் வருகிறேன் என்றார்.

கணபதி பட்டறை

தம்பி, எனக்கு 61 வயது. கோவை கணபதியில் சின்ன பவுண்டரி. மோனோபிளாக் பம்புக்கு கேசிங், இம்பெல்லர் வார்த்துக் கொடுக்கிறேன். நானும் உங்களைப் போல அடுத்தவன் பேருக்கு வேலை செய்கிறவன்தான். என் வார்ப்பில் வேறொருவர் பெயர் இருக்கும்.

எங்கள் ஊரில் இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் ஜி.டி. நாயுடுவிடம் போய்விடுவார்கள். 1920-ல் ஒரே பஸ், பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவில் அவரே ஓட்டினார், 1937-ல் இங்கேயே மின் மோட்டார் செய்தார்கள், எல்லாம் சரி. நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துக் கரண்ட் வந்த காலம், கிணற்றில் மாட்டைக் கட்டிக் கவலை இறைத்துக்கொண்டிருந்த விவசாயிக்கு மோட்டார் தேவைப்பட்டது. ஊருக்கே நோக்கம் கண்ணுக்கு முன்னால் கிடந்தது. அவரை உதாரணம் காட்டி நமக்கு நாமே பாடம் நடத்திக்கொள்வதில் எனக்கு அவ்வளவாக நம்பிக்கை கிடையாது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

என்னிடம் ஒரு மோல்டர் 14 வருஷமாகப் பெட்டி போடுகிறான், அதாவது இரும்பு ஊற்ற மணலில் அச்சு எடுக்கிறான். ஒரு நாளைக்கு இத்தனை பெட்டி என்று கணக்கு. அவன் வார்த்த பம்பு ஓடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இது எனக்கு ஒருநாள் டீ குடிக்கும்போது தற்செயலாகத் தெரிந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாலு மோல்டர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆனைமலைப் பக்கம் தெரிந்தவர் தென்னந்தோப்புக்குப் போனேன். தண்ணீர் பீறிட்டு வருவதைப் பார்த்தால் பயல்களுக்குப் பெருமையாக இருக்கும், திங்கட்கிழமை வேலை பிரமாதமாக நடக்கும் என்று மனசுக்குள் ஒரு கணக்கு. உங்கள் பயிற்சிக்காரர் சொல்வதைப் போலத்தான்.

தண்ணீர் வந்தது. ஆனால் அவன் தண்ணீரைப் பார்க்கவில்லை. பம்பின் வெளிக்கூடான கேசிங்கின் அடிப்பக்கம், ஓட்டை அடைக்கிற எம்சீல் பசை அப்பியிருந்ததைப் பார்த்தான். சின்ன ஓட்டை, எங்கள் டெஸ்டில் எப்படியோ தப்பித்துப் போயிருக்கிறது. தோட்டக்காரர் ஆறு மாதத்தில் மூன்று தடவை அப்பியிருக்கிறார். அவன் குனிந்து விரலால் அந்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். "இது நம்ம பெட்டிங்களா?" என்று கேட்டான். நம்பரைப் பார்த்தோம். நம்ம பெட்டிதான். மதியம் தோட்டத்தில் கோழி அடித்துச் சாப்பாடு போட்டார்கள், அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை வந்து என்னிடம்தான் சண்டை போட்டான். மணலில் ஈரம் அதிகம், மிக்சரில் தண்ணீர் விடுகிறவன் பைப்பைத் திறந்துவிட்டுப் போன் பேசப் போய்விடுகிறான், சூடான இரும்பு பட்டதும் அந்த ஈரம் ஆவியாகி வெளியே போக வழியில்லாமல் ஓட்டை விழுகிறது, இதை நான் நாலு வருஷமாகச் சொல்கிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றான். உண்மை. அச்சுக்கு ஈரத்தோடு போடுகிற மணலுக்கு, பச்சை மணல் என்போம், ஈரம் 3, 4 சதவீதத்தில் நிற்க வேண்டும். எனக்கும் தெரியும், எல்லா பவுண்டரிக்காரனுக்கும் தெரியும். கையில் பிடித்து அமுக்கிப் பார்த்தால் போதும் என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் கார்பைடு பொடி போட்டுக் குலுக்கி ஈரம் பார்க்கிற டெஸ்டர் ஒன்று வாங்கினேன். தினம் காலையில் முதல் பேட்சில் அவனே சோதித்து நோட்டில் எழுதுகிறான். எட்டு மணிக்கு ஈரம் தப்பினால் வேலையை நிறுத்திவிடுகிறான், நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

நான் அவனுக்கு உந்துதல் தரப் போனேன். அவன் எனக்கு வேலை வைத்தான். உங்கள் ஆட்களையும், தைக்கிற சட்டை எங்கே போகிறது என்று காட்டிப் பாருங்கள்.

அனுப்பர்பாளையத்தான்

ஐயா, மிக்க நன்றி. படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எங்கள் தொழிலில் ஒரு சிக்கல் இருக்கிறது. பொருள் எங்கே போகிறது என்று எங்கள் ஆட்களுக்கு ஏற்கெனவே தெரியும். பேக்கிங்கில் விலைச் சீட்டைத் தொங்கவிடுவதே அவர்கள்தான். 9.99 என்று யூரோ குறி போட்டிருக்கும். போனில் தட்டினால் நம்ம பணத்துக்கு எவ்வளவு என்று வந்துவிடுகிறது. போன வருஷம் ஒரு பையன், சட்டைக்குக் கை ஏற்றுகிறவன், அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா என்னைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குக் கிடைப்பதும் அந்த 9.99-ல் ரொம்பச் சின்னத் துண்டுதான் என்று அவனுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் நம்புவானா?

பீளமேட்டு வாத்தியார்

நான் மேலாண்மை பாடம் நடத்துகிறவன், என்னைத் திட்டாமல் படியுங்கள்.

நோக்கம் என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். சம்பாதித்த பிறகு அதை என்ன செய்வது என்பது ஒன்று. பி.எஸ்.ஜி. சகோதரர்கள் நாலு பேர் 1926-ல் குடும்பச் சொத்தை ஐந்து பங்காகப் பிரித்து, ஐந்தாவதை அறத்துக்கு எழுதி வைத்தார்கள். நான் தினமும் போய்வருகிற வழியில் அதன் விளைவு பி.எஸ்.ஜி. கல்லூரிகள் என்று கட்டடம் கட்டடமாக நிற்கிறது. 2013 கம்பெனிச் சட்டம் பெரிய கம்பெனிகளைச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்குச் செலவழிக்கச் சொல்வதும் இந்த வகையில் சேர்ந்ததே. வருஷ நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே அந்தப் பிரிவு பொருந்தும். நம்ம அனுப்பர்பாளையத்தாருக்கு இன்னும் அந்தக் கவலை வந்திருக்காது.

இன்னொன்று, பொருளை எப்படிச் செய்கிறோம், யார் கையில் கொடுக்கிறோம் என்பதிலேயே நோக்கம் இருப்பது. கோவை முருகானந்தம் நாப்கின் மெஷின் செய்த கதை எல்லோருக்கும் தெரியும். கால்பந்து பிளாடரில் ஆட்டு ரத்தம் ஊற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு நடந்தது, வீட்டம்மா கோபித்துக்கொண்டு போனது, இதையெல்லாம்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறோம். நான் வகுப்பில் நிறுத்திச் சொல்வது அதற்குப் பிந்தைய கட்டத்தை. மெஷின் தயாரான பிறகு அவர் அதைப் பெரிய கம்பெனியிடம் விற்றுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கிராமத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்களுக்கு விற்றார், அவர்களே செய்து அவர்களே விற்கட்டும் என்று. அந்த முடிவுக்குள் முழு நோக்கமும் இருக்கிறது. பத்மஸ்ரீ 2016-ல் வந்தது, அது வேறு விஷயம்.

ஜாப் ஒர்க் செய்கிறவருக்கு இந்த இரண்டாவது வகையில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்கும் தெளிவில்லை. டிசைன், விலை, கெடு எல்லாமே வேறு யாரோ முடிவு பண்ணுவது. உங்கள் கையில் மிஞ்சுவது யூனிட்டுக்குள் இருக்கிற நாலு சுவர். அங்கிருந்து தொடங்குங்கள் என்பேன்.

நொய்யல்கரை சாயக்காரன்

வாத்தியார் ஐயா, நோக்கம் மனசுக்குள்ளிருந்து வரவேண்டும் என்று எல்லோரும் பேசுகிறீர்கள். எங்களுக்கு அது கோர்ட்டிலிருந்து வந்தது.

பருத்தித் துணிக்குச் சாயம் ஏற உப்பு வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50, 60 கிராம், கறுப்பு, நேவி போன்ற அடர்ந்த நிறம் என்றால் இன்னும் கூட. சாயம் துணியில் பிடித்துக்கொள்ளும், உப்பு தண்ணீரிலேயே நின்றுவிடும். சுண்ணாம்பு, பெரஸ் சல்பேட் போட்டு நிறத்தை இறக்கிவிட்டு, பார், தண்ணீர் தெளிந்துவிட்டது என்று நொய்யல் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தோம். தெளிந்த தண்ணீர்தான். உப்பு அப்படியே இருந்தது. கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-ல் பாசனத்துக்குக் கட்டின அணை எங்கள் கழிவுக்குத் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறக்காதீர்கள் என்று ஆயக்கட்டு விவசாயிகளே சொல்லும் நிலை. அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2006-ல் சொட்டுக் கழிவுகூட வெளியே போகக்கூடாது என்று உயர்நீதிமன்றம் சொன்னது. நாங்கள் டெல்லி வரை போனோம், 2009-ல் அங்கேயும் அதேதான். அப்புறமும் முழுசாகச் செய்யவில்லை. 2011 ஜனவரி 28-ல் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

அந்த வருஷங்களில் நாங்கள் கூட்டம் போட்டால் பேசியது என்ன தெரியுமா? நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தருகிறோம், லட்சக்கணக்கான பேருக்குச் சோறு போடுகிறோம். பொய்யில்லை. அதை உண்மையிலேயே நம்பினேன், மேடையில் பேசும்போது தொண்டை அடைக்கும். அதனால்தான் பலகையில் எழுதின நோக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வெசனமாக இருக்கிறது. நல்ல நோக்கம் கையில் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும்.

என் மாமனார் தோட்டம் காங்கேயத்துக்கு வடக்கே, ஆற்றை ஒட்டி. கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாது. நான் ஒறம்பரைக்குப் போனால் எனக்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள். யாரும் ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சம்பந்திகள், மாப்பிள்ளை, மரியாதை. அந்த டம்ளர்தான் எனக்கு எந்த நோட்டீசையும்விடக் கனமாக இருந்தது. ஆனாலும் நான் மாறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். டம்ளரைப் பார்த்துத் தலையைக் குனிந்துகொண்டு, ஊருக்கு வந்து வக்கீல் பீஸ் கட்டினேன். மாறினது கரண்டைப் பிடுங்கின பிறகுதான்.

இப்போது உப்பைப் பிரிக்கிற ஆர்.ஓ., மிச்சத் தண்ணீரை ஆவியாக்குகிற எவாப்பரேட்டர் எல்லாம் இருக்கிறது. தண்ணீரில் பெரும்பங்கு திரும்பச் சாயத்துக்கே வருகிறது, உப்பையும் மீட்கிறோம். செலவு கையைக் கடிக்கிறது. வெளிநாட்டுப் பையர் வந்தால் முதலில் அங்கேதான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன். வருஷக்கணக்காக எதிர்த்து வழக்காடின விஷயத்தை நானே கண்டுபிடித்த மாதிரி விளக்குகிறேன். என் மகன் பக்கத்தில் நின்று சிரிப்பை அடக்குவான்.

பழைய சிங்கர் டெய்லர்

எல்லா முதலாளிமாரும் பேசிவிட்டீர்கள், நானும் கொஞ்சம் பேசுகிறேன்.

நான் 1998-ல் டெய்லருக்கு உதவியாகக் கைமடிக்கப் போனவள். பிறகு சிங்கர் மெஷின். 17 வருஷம் பனியன் கம்பெனி. இப்போது வீட்டில் ஜாக்கெட் தைக்கிறேன், பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். மனு எழுதிக் கொடுக்கிறேன்.

ஒரு கம்பெனியில் இருந்தேன், பேர் வேண்டாம். வாசலில் பெரிசாக "தொழிலாளர்களே எங்கள் குடும்பம்" என்று இருக்கும். ஒருநாள் இரவு, ஒன்றரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது, எனக்கு ஊசி ஆள்காட்டி விரலில் ஏறி உள்ளேயே உடைந்தது. சூப்பர்வைசர் ஓடிவந்தார். வந்து மெஷினுக்குக் கீழே குனிந்தார். உடைந்த ஊசித் துண்டு எல்லாம் கிடைத்தாக வேண்டும், அதை டேப் போட்டு ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும், ஒரு துண்டு சட்டையோடு போய்க் குழந்தைக்குக் குத்திவிட்டால் ஆர்டரே போச்சு. அது நியாயமான விதிதான், நான் தப்பு சொல்லவில்லை. மூன்று துண்டு. இரண்டு மேசையில் கிடைத்தது. மூன்றாவது என் விரலில் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் என் கையைத் தொட்டுப் பார்த்தார்.

தம்பி, உங்கள் அப்பாவிடம் ஆள் 19 வருஷம் நின்றதற்கு நீங்கள் வேறு காரணம் தேடுகிறீர்கள். அட்வான்ஸ் பாக்கியைப் பார்த்தீர்களா? பிள்ளைக் கல்யாணத்துக்கு வாங்கின கடன் நோட்டில் இருக்கும்போது ஆள் எப்படிப் போவான்? அந்தக் காலத்தில் பாதிப் பேர் நின்றது அப்படித்தான். உங்கள் அப்பா எப்படி என்று எனக்குத் தெரியாது, நோட்டை எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று. உங்கள் 60 பேரில் ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள் எத்தனை பேர்? அந்தப் பலகையை அவர்களால் படிக்க முடியாது. மாதம் 21,000-க்குள் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. உண்டு, அவர்கள் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. அந்தப் பிள்ளைகளும் அதில் இருக்கிறார்களா, அல்லது கான்ட்ராக்டர் நோட்டில் மட்டும்தானா? உள்ளே இருந்தாலும், காய்ச்சல் வந்தால் எங்கே போக வேண்டும் என்று அவர்கள் மொழியில் யாராவது சொன்னார்களா? எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு ரேட் என்று தைக்க ஆரம்பிக்கும்போதே தெரியுமா, சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போதுதான் தெரியுமா?

கோபமாக எழுதிவிட்டேன். நீங்கள் கேக் வெட்டுகிறவர், கேள்வி கேட்டதற்கு அந்த அக்காவை வேலையை விட்டு அனுப்பவில்லை. அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதினேன்.

அனுப்பர்பாளையத்தான்

அக்கா, 12 நாள் கழித்து எழுதுகிறேன். முன்னமே எழுத வெட்கமாக இருந்தது.

கார்பென்டர் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடையில் ஆறு அங்குல டவர் போல்ட் ஒன்று வாங்கிக்கொண்டு நானே போனேன். ஸ்க்ரூவைத் திருப்பினால் நிற்கவில்லை, மாவு கொட்டுகிறது. கதவுச் சட்டம் அடியிலிருந்து உளுத்துப் போயிருக்கிறது. பழைய ஓட்டைகளைப் பார்த்தால் இதற்கு முன்னாலேயே இரண்டு தடவை தாழ்ப்பாள் போட்டுக் கழன்றிருக்கிறது. அந்தக் கக்கூசுக்குள் நான் காலை வைத்ததே அன்றைக்குத்தான். உள்ளே பல்பும் இல்லை. பி.வி.சி. கதவு, புதுச் சட்டம், பல்பு எல்லாம் சேர்த்து நாலாயிரத்துக்குள் முடிந்தது. பலகைக்கு நான் கொடுத்தது 9,500.

செக்கிங் அக்கா நன்றி எல்லாம் சொல்லவில்லை. மறுநாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பேக்கிங் பக்கம் ஒரு பேன் கடகடவென்று ஆடுகிறது, தலையில் விழுவதற்குள் பாருங்கள் என்றார். அதற்கடுத்த நாள் ஒரு பீகார் பெண், என்னிடம் இதுவரை பேசியதே இல்லை, அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்து ஏதோ சொன்னது. விடுதியில் இராத்திரி தண்ணீர் வருவதில்லையாம். விடுதியை நான் பார்ப்பதில்லை, கான்ட்ராக்டர் பொறுப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. இன்றைக்குப் போய்ப் பார்த்தேன், மோட்டார் சுவிட்சைக் காவல்காரர் பூட்டி வைத்துக்கொண்டு தூங்குகிறார். இன்னும் என்னவெல்லாம் கிளம்பும் என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்ன மாதிரி அப்பாவின் நோட்டை எடுத்தேன். அட்வான்ஸ் பக்கம் பக்கமாக இருக்கிறது அக்கா. நீங்கள் சொன்னது சரி. 19 வருஷம் நின்றவர் பேரில் ஒருநாள்கூடப் பாக்கி பூஜ்யத்துக்கு வரவில்லை. ஆனால் 2011 பிப்ரவரியிலிருந்து மே வரை வேறு மாதிரி இருக்கிறது. சாயப் பட்டறை மூடி, துணி வராமல் மெஷின் நின்ற மாதங்கள். வேலையே இல்லாத வாரங்களில் ஆளுக்கு 300, 500 என்று கொடுத்திருக்கிறார். பிறகு சிலர் பேரில் அதைக் குறுக்கே கோடு போட்டு அடித்திருக்கிறார், சிலர் பேரில் தீபாவளி போனசில் முழுசாகப் பிடித்திருக்கிறார். எந்தக் கணக்கில் அடித்தார், எந்தக் கணக்கில் பிடித்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. கட்டிலில் போய்க் கேட்டேன். கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்தார். "அது அப்பத்தைக்கு" என்றார். அவ்வளவுதான்.

சாயக்கார அண்ணா, அந்த நாலு மாதத்தை நீங்கள் அந்தப் பக்கம் இருந்து எழுதினீர்கள். நான் நோட்டில் இந்தப் பக்கம் இருந்து படித்தேன்.

ஈ.எஸ்.ஐ.யில் 14 பேர் விட்டுப்போயிருந்தார்கள். கான்ட்ராக்டரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன், அவர் மழுப்புகிறார். அது முடிந்ததும் எழுதுகிறேன்.

பலகையை இன்னும் கழற்றவில்லை. விளக்கை மட்டும் அணைத்துவிட்டேன். அதே அக்ரிலிக்கின் மேல் ஒட்டுகிற மாதிரி, ஒவ்வொரு ஸ்டைலுக்கும் எந்த ஆபரேஷனுக்கு எவ்வளவு பீஸ் ரேட் என்று முன்கூட்டியே எழுதிப் போடலாம் என்று இருக்கிறேன். தமிழும் இந்தியும் நான் பார்த்துக்கொள்கிறேன். யாராவது ஒடியா எழுதத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள். போனில் மொழிபெயர்த்துப் பார்த்தேன், கை ஏற்றுகிற பையன் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

கணபதி பட்டறை

விடுதிக்குப் போனதும் நல்லது. அந்த மோட்டார் ரொம்ப நேரம் வறண்டு ஓடியிருந்தால் சீல் போயிருக்கும், காயில் எரிவதற்குள் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பழைய சிங்கர் டெய்லர்

எங்கள் லைன் வீட்டில் ஒரு ஒடியாப் பையன் இருக்கிறான், பத்தாவது வரை படித்தவன், கையெழுத்து முத்து மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அனுப்பி வைக்கிறேன். ஆனால் ரேட்டை முதலில் நீங்கள் உட்கார்ந்து முடிவு பண்ணி வையுங்கள் தம்பி. அவன் எழுதிப் போட்ட பிறகு குறைக்க முடியாது.